பாப் இல்லை, ராபர்ட்டோ

போன மாதம் என் பையனுக்கு பேஸ்பால் ஜெர்ஸி வந்தது. முதுகில் மூன்றே இங்கிலீஷ் எழுத்து. பாட்டி கூப்பிடும் பேரும் இல்லை, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லும் பேரும் இல்லை. கோச்சைக் குறை சொல்ல முடியாது. ஃபாரத்தில் அப்படி எழுதிக் கொடுத்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் என் பேரை வைத்து நான் பட்டது போதும், இவனாவது தப்பிக்கட்டும் என்ற நினைப்பு.

அதே வாரம் பள்ளியில் அவன் ஒரு பேஸ்பால் வீரரைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. ராபர்ட்டோ கிளெமென்டேயைத் தேர்ந்தெடுத்தான். உதவி செய்யப் போய் நான் மாட்டிக்கொண்டேன்.

போர்ட்டோ ரிக்கோ தீவில், கரோலினா என்ற ஊரில் 1934-இல் பிறந்தவர் கிளெமென்டே. அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. 1955 முதல் 1972 வரை 18 சீசன் ஆடினார், அத்தனையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீமுக்கே. ஃபீல்டிங்குக்குத் தரும் கோல்டு குளோவ் விருதைத் தொடர்ந்து 12 வருஷம் வாங்கினார். நேஷனல் லீக் பேட்டிங் சராசரியில் நாலு தடவை முதலிடம். 1966-இல் லீக்கின் எம்.வி.பி. 1960, 1971 இரண்டு வேர்ல்டு சீரிஸையும் அவர் டீம் ஜெயித்தது; அந்த 14 மேட்ச்சிலும் அவர் ஹிட் அடித்தார். வாழ்நாள் சராசரி .317. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்ம அப்பாக்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம்தான்: பத்துக்கு மூணு தடவை அடித்தாலே பேஸ்பாலில் பெரிய ஆள்!

இப்படிப்பட்டவரை அமெரிக்கா கூப்பிட்டது "பாப்" என்று. பையன்கள் சேர்த்து வைக்கும் பேஸ்பால் அட்டைகளில் 1969 வரைகூட பாப் கிளெமென்டே என்றுதான் அச்சடித்தார்கள். அவர் பேசிய இங்கிலீஷை, உச்சரிப்பு எப்படிக் காதில் விழுந்ததோ அப்படியே எழுத்துக்கூட்டிப் போட்டு, பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். அவருக்குக் கோபம் வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. என் பேர் ராபர்ட்டோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

1971 வேர்ல்டு சீரிஸில் பால்டிமோர் ஓரியோல்ஸை ஏழாவது மேட்ச்சில் வென்றார்கள். அந்தத் தொடரில் அவர் சராசரி .414, தொடரின் எம்.வி.பி.யும் அவரே. ஜெயித்த கையோடு டிவிக்காரர் மைக்கை நீட்டினார். இங்கிலீஷில் எதுவும் சொல்வதற்கு முன்னால், ஊரில் இருந்த அம்மா அப்பாவிடம் ஸ்பானிஷில் ஆசீர்வாதம் கேட்டார் கிளெமென்டே. நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சூப்பர் மார்க்கெட்டில் அம்மா தமிழில் சத்தமாகப் பேசினால் பத்தடி தள்ளி நடந்த பையன் நான். அந்த இடத்தில் படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டேன்.

1972 செப்டம்பர் 30 அன்று 3000-ஆவது ஹிட். சீசன் கணக்கில் அதுவே கடைசி ஹிட்டும் ஆனது. டிசம்பர் 23-இல் நிகராகுவாவின் மனாகுவா நகரைப் பூகம்பம் தாக்கியது. அனுப்பிய நிவாரணப் பொருட்கள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, டிசம்பர் 31 அன்று தானே விமானத்தில் கிளம்பினார். சான் ஹுவானில் மேலே எழும்பிய கொஞ்ச நேரத்தில் அது கடலில் விழுந்தது. வயது 38. உடல் கிடைக்கவே இல்லை.

ஓய்வுபெற்று ஐந்து வருஷம் ஆகாமல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ப்பதில்லை. அந்த விதியைத் தள்ளிவைத்து 1973-லேயே சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்க வீரர்களில் அவரே முதல் ஆள். ஆனால் வெண்கலப் பலகையில் பேர் தப்பு! அவர்கள் வழக்கப்படி தன் பேர், அப்பா குடும்பப் பேர், அம்மா குடும்பப் பேர் என்று வர வேண்டும்: ராபர்ட்டோ கிளெமென்டே வாக்கர். பலகையில் வாக்கரை நடுவில் போட்டுவிட்டார்கள். அதைத் திருத்திப் புதுப் பலகை வைத்தது 2000-இல். அப்பா பேரை லாஸ்ட் நேமாகச் சுமக்கிற நமக்கு இந்தக் குழப்பம் புதுசா என்ன?

எழுதி முடித்த பையன் கேட்டான், "என் ஜெர்ஸில மட்டும் ஏன்பா மூணு லெட்டர்?" இடம் பத்தாது என்றேன். பொய். எதிர் டீமில் ஒரு பையன் முதுகில் பதினோரு எழுத்துப் பேர் தோளிலிருந்து தோளுக்கு வளைந்து கிடந்ததை இரண்டு பேருமே பார்த்திருந்தோம்.

அடுத்த சீசன் ஃபாரம் வந்ததும் இந்தத் தடவை அவனிடமே கேட்டேன். "ஃபுல்லா போடுங்கப்பா. ஆனா பாட்டி சொல்ற மாதிரி கோச்சுக்கு நீங்கதான் சொல்லித் தரணும்."

அவன் பேரில் ஒரு 'ழ' இருக்கிறது. எனக்கே அது சரியாக வராது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஃபோன் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.