காருக்குள் இருப்பவரும் மனிதரே

கார் ஒன்று வீதிக்கு வரவேண்டுமானால் அதற்கு இன்ஷூரன்ஸ் இருந்தே தீரவேண்டும் என்பது நம் தேசத்தில் நேற்று முளைத்த விதியன்று. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்டு, 1946 முதல் அமலுக்கு வந்த அந்தக் கட்டாயம், 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 146-ஆவது பிரிவாக இன்றும் நிலைபெற்றிருக்கிறது; மீறுகிறவருக்கு முதல் தடவை 2,000 ரூபாயும் மறு தடவை 4,000 ரூபாயும் அபராதம், மூன்று மாதம் வரை சிறைவாசமும் உண்டு. வண்டிக்காரரிடம் பணம் இல்லை என்பதற்காக, அடிபட்டவரின் குடும்பம் நடுத்தெருவில் நிற்கலாகாது என்பதே இதன் தாத்பரியம். அந்தத் தர்மம் காரின் கதவோடு நின்றுவிடுகிறது என்பதுதான் நமது ஆட்சேபம்.

சட்டம் கேட்பது ‘தேர்ட் பார்ட்டி’ என்று எல்லோரும் சொல்லும் மூன்றாம் நபர் காப்பு ஒன்றைத்தான். பாதசாரியோ சைக்கிள்காரரோ உயிரிழந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை எத்தனை லட்சமானாலும் கம்பெனி கொடுத்தாக வேண்டும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். பிரீமியத்தையும் கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விடாமல் மத்திய அரசாங்கமே நிர்ணயிக்கிறது: 2022 ஜூன் மாத அறிவிப்பின்படி ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரையில் 3,416 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 7,897 ரூபாய். இதனுடன், ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளர் தமக்கென்று 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் வைத்திருக்கவேண்டும்.

ஆக, தெருவில் போகிறவருக்கு வழி செய்தாகிவிட்டது. வண்டியின் சொந்தக்காரருக்கும் ஒருவாறு செய்தாகிவிட்டது. பின் ஸீட்டில் இருக்கும் தாயாருக்கும் மைத்துனருக்கும், போகிற வழிதானே என்று ஏற்றிக்கொண்ட அண்டை வீட்டுக்காரருக்கும் என்ன ஏற்பாடு? சட்டத்தின் குறைந்தபட்சத் தேவையை மட்டும் பூர்த்தி செய்யும் பாலிசியில் அவர்களுக்கு ஓர் ஏற்பாடும் இல்லை. சொந்தக் காரில் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறவர் அந்தப் பாலிசியின் பாதுகாப்புக்கு உட்பட்டவரல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே கூறிவிட்டது. 2012-இல், சொந்தச் சேதமும் அடங்கிய முழுப் பாலிசியானால் அவருக்கும் கம்பெனி பொறுப்பு, சட்டப் பாலிசியானால் இல்லை என்ற வேற்றுமையை மேலும் தெளிவாக வரையறுத்தது. திண்டிவனத்துக்கு அருகே கார் புளியமரத்தில் மோதி மைத்துனர் மாண்டுபோனால், விதவையான தங்கைக்குத் தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈட்டை அண்ணன் தம் வீட்டை விற்றுத்தான் கட்டவேண்டும். அல்லது தங்கை அண்ணன்மேல் வழக்கே போடாமல் வறுமையில் கிடக்கவேண்டும். இரண்டில் எது நியாயம் என்று சட்டம் செய்தவர்கள்தாம் சொல்லவேண்டும்.

இந்தக் குறையை நிவர்த்திக்க நீதிமன்றம் முயலாமல் இல்லை. ஈரோட்டிலிருந்து வந்த இத்தகைய அப்பீல் ஒன்றில், 2021 ஆகஸ்டில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். வைத்தியநாதன், புதிய வாகனங்கள் யாவும் ஓட்டுநர், பிரயாணிகள், உரிமையாளர் அனைவரையும் உள்ளடக்கிய ‘பம்பர் டு பம்பர்’ காப்பை ஐந்து வருஷத்துக்குப் பெற்றாகவேண்டும் என்று உத்தரவிட்டார். இன்ஷூரன்ஸ் வட்டாரங்களில் பெருங்கலக்கம். செப்டம்பரிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உயிருக்கான காப்பையும் தகரத்துக்கான காப்பையும் ஒரே முடிச்சாகப் போட்டதுதான் அந்த உத்தரவின் பலவீனம் என்பது நம் அபிப்பிராயம். பிரயாணிகளுக்கு மட்டும் என்று கேட்டிருந்தால் மறுப்பதற்கு அவ்வளவு சுலபமாய்க் காரணம் கிடைத்திராது.

முழுப் பாலிசி கடையில் கிடைக்கிறதே, வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டுமே என்பார்கள். யார் அதை வாங்குவதில்லை என்று பார்க்கவேண்டும். புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுகிற அன்று, ஷோரூம்காரரே முழுப் பாலிசியைச் சேர்த்துவிடுகிறார். கடன் கொடுத்த வங்கியும் அதை வற்புறுத்துகிறது. கார் பத்து வயதாகிக் கைமாறும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது. ஐந்தாம் வருஷத்திலேயே விலையில் பாதி தேய்மானமாகக் கழிந்துவிடுவதால், ஓட்டை வண்டிக்கு எதற்கு ஃபுல் கவர் என்று ஏஜெண்டும் சொல்லுகிறார், வாங்கியவரும் சம்மதிக்கிறார். தகரத்தைப் பொறுத்தவரை அது முற்றிலும் விவேகமான யோசனை. ஆனால் தகரத்தைக் கைவிடும் அதே கையெழுத்தினால் மனைவி மக்களையும் கைவிடுகிறோம் என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை. காற்றுப்பை இல்லாத பழைய காரில், நெருக்கியடித்துக்கொண்டு போகிற குடும்பத்துக்குத்தான் காப்பும் இல்லை என்று ஆகிறது.

தகரத்தின் சங்கதிகளைக் காருக்கு உடையவரின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். மாற்றும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையை நாமே கொடுக்க நேராமலிருக்க ‘ஜீரோ டெப்’ வாங்குவதா, ஐந்து வருஷம் கிளெயிம் இன்றி ஓட்டி ஐம்பது சதவீத போனஸை எட்டுவதா என்பதெல்லாம் அவரவர் கணக்கு. ஒன்றை மட்டும் சென்னைவாசிகளுக்குச் சொல்லலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய காரின் சாவியைத் திருகிப் பார்த்து எஞ்சினுக்குள் நீரை இழுத்துக்கொண்டவர்கள், எஞ்சினுக்குத் தனிக் காப்பு எடுக்காதிருந்தால், அது வெள்ளச் சேதமன்று, உங்கள் செய்கையின் விளைவு என்ற பதிலைக் கேட்க நேரும். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் குடியிருப்பவர் அந்தக் காப்பை ஆடம்பரமாக எண்ண வேண்டாம்.

மக்களின் உயிரை இவ்விதம் விருப்பத்துக்கு விடுவதற்கில்லை. புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் பாலிசி 2018 செப்டம்பர் முதல் கட்டாயமானது, கோயம்புத்தூர் எலும்பு வைத்திய நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கினால். உரிமையாளர் காப்பு 15 லட்சமாக உயர்ந்ததும் சென்னை உயர் நீதிமன்றத்தின் தூண்டுதலால்தான். ஒவ்வொரு சீர்திருத்தத்தையும் நீதிமன்றமே பிடித்துத் தள்ளவேண்டும் என்று பார்லிமெண்ட் காத்திருப்பது அழகன்று. 147-ஆவது பிரிவில், சொந்தக் காரில் செல்லும் பிரயாணியும் கட்டாயக் காப்புக்குப் பாத்தியப்பட்டவர் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதவேண்டும். அதற்காக பிரீமியம் சில நூறு ரூபாய் கூடினாலும் கூடட்டும்; அதை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசாங்கத்திடமே இருக்கையில், கம்பெனிகள் கொள்ளையடிக்கும் என்ற பயத்துக்கு இடமில்லை.

சட்டம் திருந்தும் வரையில், சட்டப் பாலிசி ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும், காரில் பிரயாணம் செய்வோருக்கு இதில் காப்பு இல்லை என்ற வாக்கியத்தைத் தடித்த எழுத்தில், தமிழ்நாட்டில் தமிழிலேயே, அச்சிடும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிடலாம். அதற்குப் பார்லிமெண்டின் அநுமதிகூட வேண்டியதில்லை. பழைய கார் வைத்திருப்போர், புதுப்பிக்கும்போது, பெயர் குறிப்பிடாத பிரயாணிகளுக்கான விபத்துக் காப்பையாவது சேர்க்கச் சொல்லி ஏஜெண்டைக் கேட்கவேண்டும். தீர்ப்பாயம் விதிக்கும் முழு நஷ்டஈட்டுக்கு அது ஈடாகாது; இப்போதைக்கு அவர்கள் கைக்கு எட்டுவது அவ்வளவே.