மூச்சு வாங்காத குரல்

யந்திரம் பாடினால் அது பாட்டாகுமா என்று கேட்பவர்கள் பதிலைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். பாட்டு என்றால் தொண்டை வேண்டும். தொண்டைக்குப் பின்னால் ஆத்மா வேண்டும். அந்த ஆத்மா கஷ்டப்பட்டிருக்கவும் வேண்டும். இந்த மூன்றுக்கும் அத்தாட்சி காட்டினால்தான் இவர்களுடைய காது திறக்கும். 'ஹட்சுனே மிக்குவின் மறைவு' என்ற ஜப்பானியப் பாட்டு இவர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டதில் ஆச்சரியமில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது இந்தப் பாட்டைக் கொண்டாடுகிறது, எத்தனை புள்ளி எடுத்தோம் என்ற கணக்கில். இரண்டு கூட்டமும் பாட்டைக் கேட்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் விவரங்கள். ஹட்சுனே மிக்கு என்பது ஒரு பாடகி அல்ல. கடையில் விற்ற ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். யமஹாவின் வோகலாய்ட் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஸப்போரோ நகரத்து கிரிப்டன் ஃப்யூச்சர் மீடியா நிறுவனம் இதை 2007 ஆகஸ்ட் 31இல் வெளியிட்டது. புஜிட்டா ஸகி என்ற குரல் நடிகையின் குரல் சின்னஞ்சிறு ஒலித்துணுக்குகளாகப் பதிவு செய்யப்பட்டு அதனுள் இருக்கிறது. ஸ்வரத்தையும் அசையையும் எழுதிக் கொடுத்தால் புரோகிராம் அந்தத் துணுக்குகளை ஒட்டுப்போட்டுப் பாடும். அதே ஆண்டு நவம்பரில் காஸ்மோ என்ற புனைபெயர்கொண்ட இசையமைப்பாளர் இந்தப் பாட்டின் குறுகிய வடிவத்தை வெளியிட்டார். நீண்ட வடிவம் 2008 ஏப்ரலில் வந்தது. பாடும் குரல் தன்னைப் பற்றியே பாடுகிறது: தான் மனிதரைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் என்று அதற்குத் தெரியும், வேண்டாததாகி அழிக்கப்படப்போகும் வேளையில் அது விடைபெறுகிறது. வேகம் நிமிஷத்துக்கு 240 துடிப்பு, அதாவது விநாடிக்கு நான்கு. விரைந்து போகும் பகுதிகளில் ஒரு துடிப்புக்குள்ளேயே பல அசைகள்.

தொண்டைக்காரர்களின் ஆட்சேபம் இந்த வேகத்தின் மீதுதான். வார்த்தை புரியவில்லை, உணர்ச்சி எங்கே என்கிறார்கள். உணர்ச்சி என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? பாடகர் அடி முடிவில் மூச்சு வாங்குவதையும், குரல் கம்முவதையும், சோகமான இடத்தில் ஒரு விக்கல் வந்து விழுவதையும். இவையெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் நாலு தடவை எடுத்துப் பார்த்துச் சேர்க்கப்படுகிற பாவனைகளாகவும் இருக்கலாம் என்பது இவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. சாகப்போகிற மனிதனுக்கு மூச்சு குறைகிறது, ஆகவே சொல்லும் குறைகிறது. அழிக்கப்படப்போகிற யந்திரத்துக்குக் குறைய மூச்சே கிடையாது. அதற்குக் குறைவது நேரம் ஒன்றுதான். ஆகவே மிச்சமுள்ள நேரத்துக்குள் எல்லாச் சொற்களையும் அடைத்துத் திணிக்கிறது. இந்தப் பாட்டின் வேகம் அதன் பொருளிலிருந்தே பிறந்தது. இந்தக் குரலுக்கு ஒரு பெருமூச்சைப் பூசியிருந்தால் அதுதான் போலியாகியிருக்கும். மனிதர்களும் இதைப் பாடிக் காட்டியிருக்கிறார்கள். சாமர்த்தியத்தை மெச்சலாம். ஆனால் அவர்கள் பாடும்போது நம் கவனம் போவது எங்கே மூச்சைத் திருடுகிறார்கள் என்பதில். விடைபெறுதல் போய்விடுகிறது, வித்தை நிற்கிறது.

உடம்பிலிருந்து குரலைப் பிரிப்பது ஜப்பானுக்குப் புதிய காரியமும் அல்ல. புன்ராக்கு பொம்மலாட்டத்தில் அழுவது பொம்மை, குரல் மேடையோரம் உட்கார்ந்திருக்கும் பாடகருடையது. பொம்மையை இயக்கும் மூன்று பேரும் மேடையிலேயே தெரிகிறார்கள். யாரும் ஏமாற்றப்படவில்லை, ஆனாலும் பார்ப்பவர்கள் அழுகிறார்கள். அந்த அரங்குக்கு எழுதிய சிகமாட்சு மொன்ஸயெமோன், கலை இருப்பது நிஜத்துக்கும் நிஜமற்றதற்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் என்று கருதியவர். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1738இல் வெளியான ஒரு நூலில் இந்தக் கருத்து பதிவாகியிருக்கிறது. புன்ராக்குவில் பாடுவது மனிதத் தொண்டைதானே என்று மடக்கலாம். இங்கேயும் ஒரு பெண்ணின் தொண்டைத் துணுக்குகள் உண்டு. ஒவ்வொரு அசையையும் உட்கார்ந்து அடுக்கிய ஒரு மனிதனும் உண்டு. இடைவெளி கொஞ்சம் அகன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி புள்ளிக்காரர்கள். 2010இல் ஸெகா நிறுவனம் ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களில் 'புரொஜெக்ட் டீவா ஆர்கேட்' என்ற யந்திரத்தை வைத்தது. திரையில் மிக்கு ஆடிப் பாட, முன்னால் நான்கு பெரிய பொத்தான்கள்: முக்கோணம், சதுரம், பெருக்கல் குறி, வட்டம். குறிகள் பறந்து வந்து இலக்கில் பொருந்தும் கணத்தில் பொத்தானைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் 'கூல்' முதல் 'வொர்ஸ்ட்' வரை யந்திரம் தீர்ப்புச் சொல்லும். தவறுகள் பெருகினால் உயிர்மானி குறையும். அது வற்றினால் ஆட்டம் தோல்வி. பாட்டு பாதியில் அறுந்துபோகும்.

'மறைவு' இந்த யந்திரத்தின் கடினமான பாட்டுகளில் ஒன்று. ஆகவே அதை முடித்தவர்களுக்கு அது ஒரு பதக்கம். ஒரு விடைபெறுதலைப் பதக்கமாகக் குத்திக்கொள்ள எவ்வளவு செவிட்டுத்தனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். யந்திரத்தின் மீது நான் புகார் சொல்லவில்லை. பாட்டில் இல்லாத உடம்பை அது கொண்டுவந்து நிறுத்தியது. குரல் மூச்சு வாங்குவதில்லை. பொத்தான் முன்னால் நிற்பவனுக்கு மூச்சிரைக்கிறது, முன்னங்கை கடுக்கிறது. அவன் பின்தங்கியதும் குரல் நின்றுவிடுகிறது. தன்னோடு ஓடி வர ஆளில்லாமல் மறைகிறேன் என்கிற குரல், ஓடி வர முடியாத ஒருவனின் விரல்களாலேயே மறைகிறது. பாட்டின் பொருள் இதைவிடக் கறாராக நடந்தேறும் இடம் எனக்குத் தெரியவில்லை. புள்ளிக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் தோல்வி.

அழிக்காதே என்று கெஞ்சும் சரக்கு, அந்தச் சரக்குக்கே நல்ல விளம்பரம் அல்லவா? இந்தக் கேள்வி நியாயமானது, பதில் ஆம் என்பதுதான். கிரிப்டனுக்கு விற்பனை, ஸெகாவுக்குச் சில்லறை. ஆனால் சரக்கு தன்னைச் சரக்கு என்றும் நகல் என்றும் வாய்விட்டுச் சொல்வது இங்கேதான். ஆத்மாவைத் தட்டில் வைத்து விற்கும் மனிதக் குரல்களிடம் இந்த நேர்மையை யாரும் கேட்டுப் பெற்றதில்லை.

வெற்றியோடு கடைசிவரை தட்டி முடித்தவனிடம் அந்தக் குரல் என்ன சொன்னது என்று கேட்டால், அவன் புள்ளியைச் சொல்வான். கண் குறிகளிலேயே இருந்தது, காது தாளத்துக்குக் கூலிவேலை செய்தது. தொண்டைக்காரர் கூடத்துக்குள் வரவே இல்லை. பாட்டு முழுதாகச் சேர்ந்தது, தன் முறைக்காகக் கையில் நாணயத்தோடு பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்தவனிடம். விமர்சனத்தை அவனிடமிருந்து ஆரம்பிப்போம்.