கைமணம் என்னும் கைவிலங்கு

"காப்பி போடக்கூடவா கைபேசி வேண்டும்?" என்று ஒரு கேள்வி இப்போது நம்மிடையே உலவி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். சுற்றி இருப்பவர்களும் சிரிக்கிறார்கள். சிரித்தவுடன் விவகாரம் தீர்ந்துவிட்டதாக எல்லோருக்கும் ஒரு திருப்தி.

அந்தச் சிரிப்பில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. காரணம், இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒரு தம்ளர் காப்பி போட்டறியாதவர்கள். குடித்தவர்கள்தாம், சூடு போதாது என்றும், டிகாக்ஷன் தண்ணீராக இருக்கிறது என்றும் குறை சொன்னவர்கள்தாம். ஆனால் விடியற்காலையில் எழுந்து, அடுப்பங்கரை விளக்கைப் போட்டு, பில்டரில் பொடியை நிரப்பி, வெந்நீர் ஊற்றியவர்கள் அல்லர். போட்டறியாதவர்களுக்கு, போடுவதற்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்ல என்ன பாத்தியதை இருக்கிறது?

முதலில் அந்தச் செயலிகள் என்னதான் செய்கின்றன என்று பார்த்துவிடுவோம். பூதம் மாதிரி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அதோடு சண்டை போடுவதில் பயனில்லை.

எத்தனை கிராம் பொடி என்று நீங்கள் சொன்னால், எவ்வளவு தண்ணீர் என்று அது சொல்லும். தண்ணீரை எப்போது, எத்தனை தவணையாக ஊற்ற வேண்டும் என்று விநாடிக் கணக்கு வைத்துக் காட்டும். 'பீன்கான்கரர்' என்ற செயலி, காசில்லாமல் கிடைப்பது, இன்னும் கொஞ்சம் மேலே போகிறது. என்ன கொட்டை, எவ்வளவு நைஸாக அரைத்தது, எத்தனை எடை, எவ்வளவு நேரம், குடித்தபோது நாக்குக்கு எப்படி இருந்தது என்று அன்றன்றைக்கு எழுதி வைத்துக்கொள்ள அதில் இடம் உண்டு. நேற்று கசந்ததா? இன்றைக்கு ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். மறுநாள் மற்றொன்றை. இவ்வளவுதான் அதன் வித்தை. ஒரு கடிகாரம், ஒரு கணக்குப் பிள்ளை, ஒரு நாட்குறிப்பு, மூன்றும் சேர்ந்தது. காப்பி ருசியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததாக அது சொல்லிக்கொள்வதும் இல்லை. ருசி பார்க்க வேண்டியது நீங்கள்தாம்.

இதற்கு எதிராக நம்மவர்கள் எழுப்பும் பிரம்மாஸ்திரம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கைமணம். "என் தாயார் எந்தத் தராசில் நிறுத்தாள்? எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாள்? அவள் போட்ட காப்பிக்கு ஈடு உண்டா?" என்று கண்களில் நீர் மல்கக் கேட்கிறார்கள்.

நான் சொல்கிறேன்: உங்கள் தாயார் அளந்தாள். ஒவ்வொரு நாளும் அளந்தாள். முப்பது வருஷம் ஒரே பித்தளை பில்டர், ஒரே கரண்டி, ஒரே கடையில் ஒரே விகிதத்தில் அரைத்து வாங்கிய பொடி, பாலுக்கு ஒரே சொம்பு. பொடி பில்டரில் எந்த வளையம் வரை வரவேண்டும் என்று அவள் கண்ணுக்குத் தெரியும். வெந்நீர் எந்தச் சத்தத்தில் கொதிக்கும்போது இறக்க வேண்டும் என்று அவள் காதுக்குத் தெரியும். இதற்குப் பெயர் அளவில்லாமல் செய்வதா? எழுதாத அளவு, அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் அதே அம்மாளைப் பிள்ளைப்பேறு பார்க்கப் பெண் வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். ஊர் வேறு, தண்ணீர் வேறு, பில்டர் வேறு, பொடி வேறு. முதல் இரண்டு நாள் காப்பி வாயில் வைக்க விளங்காது. "இந்த ஊர்ப் பாலே சரியில்லை" என்பாள். மூன்றாம் நாள், நான்காம் நாள் மெல்ல மெல்லப் பழைய ருசி திரும்பும். கைமணம் என்பது கையிலேயே இருந்திருந்தால் கையோடு அல்லவா போயிருக்க வேண்டும்? அது இருந்தது பாத்திரத்தில், கரண்டியில், பழகிய விகிதத்தில். புது விகிதத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கும் மூன்று நாள் பரிசோதனை தேவைப்பட்டது. செயலி வைத்திருப்பவன் அதைத்தான் எழுதி வைத்துக்கொண்டு செய்கிறான்.

அப்படியானால், அளவு என்று ஒன்று இருக்கும்போது, அதை எழுதாமலே இத்தனை காலம் வைத்திருந்ததில் யாருக்கு லாபம்? இதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

நாற்காலியில் உட்கார்ந்து குடித்தவனுக்குத்தான் லாபம். "உன் கைமணம் வேறு யாருக்கும் வராது" என்று அவன் சொல்லும்போது அது பாராட்டு மாதிரி ஒலிக்கிறது. அதன் பொருள் என்ன தெரியுமா? "ஆகையால் நாளைக்கும் நீதான் எழுந்திருக்க வேண்டும்" என்பது. காய்ச்சலாக இருந்தாலும், முதுகு வலித்தாலும், வேலைக்குப் போகிறவளாக இருந்தாலும் அவளேதான். யாருக்கும் வராத வித்தையை யார் செய்து கொடுப்பார்கள்? சம்பளம் கொடுக்காமல் புகழ்ச்சியைக் கொடுத்து வேலை வாங்கும் தந்திரம் இதைவிடச் சிக்கனமாக உலகத்தில் எங்கேயும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அரசாங்கத்தின் கணக்கைப் பார்க்கலாம். இந்தியா முழுவதிலும் 2019-ஆம் ஆண்டில் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் அன்றாடம் கைவைத்த பெண்கள் 100-க்கு 81 பேருக்கு மேல். ஆண்கள் 26 பேர். கைவைத்தவர்களிலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம். ஆணுக்கு 97 நிமிஷம். இந்த 299 நிமிஷத்தில் காப்பிக்கு எத்தனை என்று யாரும் தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் காப்பி குடிக்கும் வீடுகளில் அந்தக் கணக்கின் முதல் நிமிஷம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இதிலே இன்னொரு சோகமும் உண்டு. புதிதாக வந்த மருமகள், "எவ்வளவு பொடி போடணும் அத்தை?" என்று கேட்கிறாள். "பார்த்துப் போடேன், இதற்கெல்லாமா அளவு?" என்று பதில் வருகிறது. மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் நிலம் அவள் பெயரில் இல்லை, பெட்டிச் சாவி அவள் இடுப்பில் இல்லை. இந்த ஒரு ரகசியம்தான் அவளுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம். அதையும் கொடுத்துவிட்டு அவள் எங்கே போவாள்? ஒருத்தியை அந்த நிலையில் வைத்த ஏற்பாட்டைத்தான் நாம் கைமணம் என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

அளவை எழுதுவதால் கலை செத்துவிடும் என்கிறார்களே, அதுவும் வெறும் பேச்சு. சுருதிப் பெட்டி வைத்துக்கொண்டு பாடுகிறவரைப் பார்த்து, "பாட்டுக்குக்கூடவா பெட்டி வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை. 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்ற புத்தகத்தில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் அளவு எழுதி வெளியிட்டார். கல்யாணமாகி வேற்றூர் போகும் பெண்ணின் பெட்டியில் அந்தப் புத்தகத்தையும் வைத்து அனுப்பிய வீடுகள் உண்டு. அதனால் சாம்பார் செத்துப் போகவில்லை. சமைக்கத் தெரியாமல் கண்ணீர் விட்டிருக்க வேண்டிய பல பெண்கள் பிழைத்தார்கள்.

காப்பியின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்று ஒரு குடும்பத் தலைவி. காப்பியில் வண்டல் தங்குவதும் கசப்பதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து மை ஒற்றும் காகிதத்தைக் கிழித்துப் போட்டு வடிகட்டினாள். 1908-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றாள். தன் கையிலிருந்ததை ஒரு சாதனத்தில் ஏற்றி ஊருக்கெல்லாம் கொடுத்தாள். அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற ரசாயன அறிஞர் 1950-களில் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னது இது: பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை தண்ணீரில் இறங்கினால் ருசி, அதற்குக் கீழே போனால் சாரமில்லை, மேலே போனால் கசப்பு. 2016-ல் காப்பி வடிப்பதற்கான உலகப் போட்டியில் வென்ற ஜப்பானியர் டெட்சு கசுயா, தம் முறையை மடியில் முடிந்து வைத்துக்கொள்ளவில்லை. 20 கிராம் பொடி, 300 கிராம் தண்ணீர், 60 கிராமாக ஐந்து தடவை, 45 விநாடிக்கு ஒரு தடவை என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வீடு இன்று அதைப் போட்டுக் குடிக்கிறார்கள். அவருடைய கீர்த்தி குறைந்துவிடவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, செயலிப் பிரியர்கள் சிலர் என்னைத் தங்கள் கட்சி என்று எண்ணி மகிழலாம். அவர்களுக்கும் இரண்டு வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விலையுயர்ந்த தராசும், கூஜா மாதிரிக் கெண்டியும், கைபேசியுமாக அரைமணி நேரம் யாகம் வளர்த்து, தனக்கென்று ஒரே ஒரு கோப்பை வடித்து, அதைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுவிட்டு வரும் கனவான்களை நான் அறிவேன். திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டில் காப்பி போடுவது யார்? பழைய ஆள்தான். அளவு தெரிந்தும் அடுத்தவருக்கு ஒரு தம்ளர் போடாதவன், அளவே தெரியாதவனைவிட எந்த விதத்தில் மேல்?

மேலும், அயல்நாட்டுச் செயலி சொல்லும் விகிதத்தை அப்படியே நம் பில்டரில் கொண்டுபோய்க் கொட்டுவதும் அசட்டுத்தனம். அவர்கள் 1 பங்கு பொடிக்கு 15 முதல் 17 பங்கு வரை தண்ணீர் என்பது, பால் கலக்காமல் அப்படியே குடிக்கும் காப்பிக்கு. நாம் வடிப்பது பாலுக்குத் தாங்கும் டிகாக்ஷன். நம் பொடியில் சிக்கரி வேறு இருக்கிறது. கலவைப் பொடியில் 49 சதவீதம் வரை அதைச் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். காப்பியைவிட அதிகமாகக் கரையும். ஆகவே பொட்டலம் மாறினால் கணக்கும் மாறும். என் வீட்டுக் கணக்கு, 36 கிராம் பொடிக்கு 200 மில்லி வெந்நீர். பொடி குடித்தது போக 120 மில்லி டிகாக்ஷன் இறங்கும். தம்ளருக்கு 30 மில்லி வீதம் நாலு பேருக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். அதை நீங்களே கண்டுபிடித்துச் செயலியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

"இதற்கு ஒரு பென்சிலும் காலண்டர் தாளும் போதாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போதும். கைபேசிக்கு நான் தரகன் அல்ல. ஆனால் யோசித்துப் பாருங்கள். காலையில் கண் விழித்ததும் நம் வீட்டு ஆண்மகன் முதலில் கையில் எடுப்பது எது? அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிய காகிதம் அவன் கண்ணில் படவே படாது. அவன் கையில் இருப்பதற்குள்ளேயே அளவை வைத்துவிட்டால், "எனக்குத் தெரியாதே" என்று சொல்ல அவனுக்கு வாயில்லை.

அந்தக் கணக்கில் நான் மிகவும் மதிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பொடியை நிறுப்பதற்கு முன்னால், எத்தனை தம்ளர் என்று தீர்மானித்தாக வேண்டும். தலைகளை எண்ண வேண்டும்.

நம் வீடுகளில் இந்த எண்ணிக்கை எப்படி நடந்து வந்திருக்கிறது? முதல் டிகாக்ஷன் வீட்டுக்காரருக்கு, அவருடைய தகப்பனாருக்கு, வந்த விருந்தாளிக்கு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு. பிறகு அதே பொடியின் மேல் இன்னொரு தரம் வெந்நீர் ஊற்றி, சாயம் போன துணி மாதிரி இறங்கும் இரண்டாம் டிகாக்ஷனில், ஆடை படிந்து ஆறிப்போன மிச்சப் பாலை விட்டுக் கலந்து, நின்றுகொண்டே ஒருத்தி குடிக்கிறாள். கைமணத்துக்குப் பேர்போனவள் அவள்தான். தன் கைமணத்தின் ருசியை அறியாமலே காலம் தள்ளியவளும் அவள்தான்.

கைமணத்தைப் பற்றி உருகுகிறவர்களை நான் கேட்பது இதைத்தான்: நாளைக் காலையில் நீங்கள் எழுந்திருங்கள். செயலியோ, காகிதமோ, எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள். தலைகளை எண்ணும்போது அவளையும் சேர்த்து எண்ணுங்கள். பொடியை நிறுத்துப் போடுங்கள். இறங்குகிற முதல் டிகாக்ஷனில் முதல் தம்ளரை, அவள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். சர்க்கரை எவ்வளவு வேண்டும் என்று அப்போதுதான் முதல் தடவையாக அவளைக் கேட்கப் போகிறீர்கள். அவள் சொல்லும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.