மானுக்குத் தெரியாத நிறம்

சில யோசனைகள் கேட்ட மாத்திரத்தில் நன்றாயிருக்கும். வீட்டுக்கு வந்து சாவகாசமாக நினைத்துப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். "வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்து, வேட்டைக்காரனுக்கு ஓர் ஆரஞ்சுச் சட்டையையும் மாட்டிவிட்டால், காட்டில் ஆளை ஆள் சுட்டுக்கொள்ளும் அநியாயம் நின்றுவிடும்" என்பது அப்படிப்பட்ட யோசனைகளில் ஒன்று.

இதை எனக்குச் சொன்னவர் சாமான்யர் அல்ல. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர். அமெரிக்கா போய் வந்தவர். தொழிற்சாலைக்குள் தலைக்குத் தொப்பி, காலுக்குப் பூட்ஸ், மேலுக்குப் பளபளக்கும் சட்டை என்று கட்டாயப்படுத்தி விபத்துக்களைக் குறைத்தவர் என்று கேள்வி. ஆகவே உலகத்து விபத்துக்களெல்லாம் சட்டையில் அடங்கும் என்பது அவர் சித்தாந்தம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது குந்தாரப்பள்ளிக் கூட்டு ரோட்டில், ஒரு டீக்கடை வாசலில். அன்று வெள்ளிக்கிழமை, சந்தை நாள். ஆடு வாங்கினவர்களும் விற்றவர்களும் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏக காலத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே பெங்களூர்ச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாலையோரத்துத் துணிக் கடையில், பட்டாளத்துக்காரர்கள் போடுகிற மாதிரி இலையும் சேறும் அப்பிய கால்சட்டைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. நண்பர் அதைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினார். "இதைப் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போனால் மானுக்கும் தெரியாது, பக்கத்தில் வருகிறவனுக்கும் தெரியாது. ஆரஞ்சு போட்டால் மானுக்கு மட்டும் தெரியாது!" என்றார்.

அவர் சொன்ன சாஸ்திரம் சரியானதுதான். அதை நான் மறுக்கவில்லை. நம் கண்ணில் நிறம் காட்டும் அணுக்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. நீலமும் பச்சையும் அதற்குத் தெரியும். சிவப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டும் அணு கிடையாது. நாம் காத தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும் கிச்சிலிப் பழ நிறம் அதற்கு ஏதோ மங்கின புல் மாதிரி இருக்கும். இந்த ரகசியத்தை மனிதனுக்கு வெகு காலம் முன்பே கண்டுபிடித்தது புலி. புலி போட்டிருப்பதே ஆரஞ்சுச் சட்டைதானே! நாம் அதைப் பார்த்து, 'இவ்வளவு பளிச்சென்று இருந்துகொண்டு எப்படி ஒளிகிறது?' என்று ஆச்சரியப்படுகிறோம். மானின் கண்ணுக்கு அது பச்சைப் புதருக்குள் இன்னொரு பச்சைப் புதர். மேலே உள்ள கறுப்புக் கோடுகள் உருவத்தை உடைத்துவிடுகின்றன. ஒளிவதையும் தெரிவதையும் ஒரே தோலில் புலி முடித்துவிட்டது. அமெரிக்காக்காரர்கள் அதைச் சட்டமாக்கினார்கள். கொலராடோ மாநிலத்தில் மான் போன்ற பெரிய மிருகங்களைத் துப்பாக்கியோடு வேட்டையாடப் போகிறவன் 500 சதுர அங்குலம் ஆரஞ்சோ பளபளக்கும் ரோஜா நிறமோ அணிந்தாக வேண்டும். விஸ்கான்ஸினில் 2016 முதல் பளபளக்கும் ரோஜா நிறத்தையும் அனுமதித்தார்கள். நியூயார்க்கில் 2021-ல்தான் மான் வேட்டைக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல காரியம். அந்த நாட்டில் வேட்டை சட்டப்படி நடக்கிறது, பகலில் நடக்கிறது. அங்கே அந்தச் சட்டை பல உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்த நாட்டிலேயே நடந்த இரண்டு சம்பவங்களை நண்பர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

1988 நவம்பரில், மெய்ன் மாநிலத்தில் ஒரு பெண்மணி தம் வீட்டுக்குப் பின்புறம் நின்றுகொண்டிருந்தார். இரட்டைக் கைக்குழந்தைகளுக்குத் தாய். குளிருக்காக வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். அந்த வெள்ளையை மானின் வாலென்று நினைத்த ஒரு வேட்டைக்காரர் சுட்டார். அந்த அம்மாள் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஊரில் பலர் பேசிய பேச்சு என்ன தெரியுமோ? 'வேட்டைக் காலத்தில் வெள்ளைக் கையுறை போடலாமோ? ஆரஞ்சு அல்லவா போட்டிருக்க வேண்டும்!' என்பதுதான். 1990-ல் சுட்டவர் குற்றவாளியல்ல என்று ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.

இன்னொன்று 2006 பிப்ரவரியில். அமெரிக்க உப ஜனாதிபதியாயிருந்த டிக் செனி, டெக்ஸாஸில் காடை சுடப் போனார். கூட வந்த ஹாரி விட்டிங்டன் என்ற 78 வயது வக்கீலின் முகத்திலும் மார்பிலும் சிதறு குண்டுகள் பாய்ந்தன. விட்டிங்டன் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார், ஸ்வாமி! போட்டும் பலிக்கவில்லை. அதைவிட விசேஷம், ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த கிழவர், உப ஜனாதிபதிக்கும் அவர் குடும்பத்துக்கும் நேர்ந்த கஷ்டத்துக்காகத் தாம் வருந்துவதாகச் சொன்னார். சுடப்பட்டவர் வருந்தினார்!

இங்கேதான் எனக்கு அந்தச் சட்டையின் பேரில் சந்தேகம் பிறக்கிறது. சட்டை துணியாக இருக்கிறவரையில் நல்லது. அது சாக்காக மாறிவிட்டால் ஆபத்து. 'நீ ஏன் தெரியும்படி நிற்கவில்லை?' என்று கேட்கிற உரிமை, துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு வந்துவிடுகிறது. 'நீ ஏன் பார்க்காமல் சுட்டாய்?' என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். சரயு நதிக்கரையில் இருட்டில் தண்ணீர் மொண்ட பிள்ளையை யானை என்று நினைத்து, சத்தத்தைக் குறிவைத்து அம்பு விட்டான் தசரதன். அந்தப் பிள்ளை உடுத்தியிருந்தது மரவுரியும் மான்தோலும் என்கிறார் வால்மீகி. காட்டுக்குள் இதைவிட ஒளிவான உடை ஏது? இந்தக் காலத்து நிபுணர்களாயிருந்தால், 'மான்தோலைப் போர்த்திக்கொண்டு ராத்திரியில் ஆற்றங்கரைக்குப் போனது பையனின் தப்பு' என்று ஓர் அறிக்கை எழுதியிருப்பார்கள். கண் தெரியாத தகப்பன் அப்படிக் கேட்கவில்லை; சாபம் வில் பிடித்தவனுக்குத்தான் போயிற்று. பாரதத்தில் பாண்டு மானென்று நினைத்து ரிஷியை அடித்தான். மான் வடிவம் எடுத்தது ரிஷியின் இஷ்டம்தான், ஆனாலும் சாபம் பாண்டுவுக்கு. கடைசியில் கிருஷ்ண பரமாத்மாவே ஒரு வேடனால் மான் என்று எண்ணி அடிக்கப்பட்டார். அவதார புருஷனுக்கே இந்தக் கதி என்றால் நம்மூர் மாடு மேய்க்கிறவன் எம்மாத்திரம்?

சரி, புராணம் கிடக்கட்டும். குந்தாரப்பள்ளிக்கு வருவோம். இங்கிருந்து வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் காடு; காட்டுக்கு அப்பால் கர்நாடகமும் ஆந்திரமும். ஓசூருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகள். கென்னத் ஆண்டர்ஸன் புலி வேட்டைக் கதை எழுதிய அதே ஜவளகிரிதான். அந்தக் காடுகளில் பெரும் பகுதி 2014-ல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. ஆண்டர்ஸன் காலத்தில் லைசென்ஸ் உண்டு. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு திருத்தங்களும் வந்து கதவை இறுக்கிவிட்டன. இன்றைக்கு மானைச் சுடுகிறவன் எவனானாலும் திருடன். திருடன் எங்கேயாவது ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள்வானா? அவன் பயப்படுவது மானுக்கா? வனக்காவலருக்கு அல்லவா! வனக்காவலருக்கும் மனிதக் கண். ஆரஞ்சு அதற்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அந்த ஆரஞ்சுத் துணி பகல் வெளிச்சத்தை வாங்கித்தான் ஜொலிக்கும். சூரியன் போய்விட்டால் அது செத்த துணி. ராத்திரியில் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பது ஆரஞ்சு அல்ல. சாலையில் வேலை செய்கிறவர்களின் சட்டையில் தைத்திருக்கிறார்களே, அந்த வெள்ளிப் பட்டை. நம் திருட்டு வேட்டைக்காரன் போவது ராத்திரி. நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு போகிறான். மானின் கண்ணுக்குள் ஒரு கண்ணாடிப் படலம் உண்டு. டார்ச் பட்டால் நெருப்புத் துண்டு மாதிரி மின்னும். மின்னினால் சுடு என்பதுதான் அவனுடைய பாடம். அவனுக்கு முன்னால் வெள்ளிப் பட்டைச் சட்டையோடு ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நண்பரைக் கேட்டேன். அவர் டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

பதில் பக்கத்து பெஞ்சிலிருந்து வந்தது. ஆடு விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், "சட்டையைப் பார்த்தாங்க சுடறானுங்க? பொதரு அசைஞ்சா சுடறான், சலசலன்னா சுடறான். குழல்ல கெட்டிச்ச மருந்து வீணாப் போயிடுமேன்னு சுடறான்" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த நிபுணர் சொல்லிவிடப் போகிறார்! நாட்டுத் துப்பாக்கி ஒரு தரம்தான் வெடிக்கும். மறுபடி கரிமருந்தும் குண்டும் இடித்துக் கெட்டிப்பதற்குள் மான் பத்து மேடு தாண்டிவிடும். ஆகையால் அந்த ஒரு வெடியை நிதானமாகப் பார்த்து வெடிக்க அவனுக்குப் பொறுமை இராது.

ஒளிந்து திரிகிறவனுக்கு இரண்டு பக்கமும் சாவு. 2023 பிப்ரவரியில், மேட்டூரை அடுத்த கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவர், பாலாற்றுப் பக்கம் கர்நாடக வனத்துறையினரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். மான் வேட்டையாட வந்தவர்கள் என்றார்கள் அவர்கள். மீன் பிடிக்கப் போனவர் என்றார்கள் ஊரார். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. ராத்திரியில் ஆற்றங்கரையில் நின்ற ஓர் உருவம், பார்த்தவர்களுக்கு என்னவாகத் தெரிந்தது என்பதில் இரண்டு மாநிலமே சண்டைக்கு நின்றது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வனக்காவலர் போடுகிற காக்கியும் ஒளிகிற நிறம்தான் என்பதை யாரும் நினைப்பதில்லை. காக் என்றால் புழுதி. 1840-களின் கடைசியில் பேஷாவர்ப் பக்கத்தில், சிவப்புச் சட்டை எதிரிக்கு எட்டவே தெரிகிறது என்று, புழுதியோடு புழுதியாக இருக்கும்படி சிப்பாய்களுக்குக் கொடுத்த உடை அது. மானைக் காப்பாற்றுகிறவனும் மானைத் திருடுகிறவனும் ஒரே மாதிரி புழுதி நிறத்தில் இருட்டில் எதிரெதிரே நடக்கிறார்கள். நடுவில் விறகு பொறுக்கப் போனவள் ஒருத்தி அகப்பட்டுக்கொண்டால், 'சிவப்புப் புடவை கட்டியிருக்கக்கூடாதா?' என்று கேட்க நாம் தயாராக இருக்கிறோம்.

சட்டை தைப்பதை விட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தேடுங்கள் என்கிறேன். கிருஷ்ணகிரி ஜில்லாவில் காவல் துறையும் வனத்துறையும், லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி கிராமம் கிராமமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அதில் செலவிடும் ஒவ்வொரு நாளும் ஆயிரம் ஆரஞ்சுச் சட்டைக்குச் சமானம். வேட்டையைச் சட்டபூர்வமாக்கினால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்பது, சாராயத்துக்குச் சொன்ன வாதத்தைத் துப்பாக்கிக்கும் சொல்வது.

ஒரே ஓர் இடத்தில் நண்பரின் சட்டைக்கு நான் ஓட்டுப் போடுவேன். கேழ்வரகையும் மாந்தோப்பையும் அழிக்கும் காட்டுப்பன்றியை, காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசு முடிவெடுத்தது. இது சட்டப்படி நடக்கிற சூடு. ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனாந்தரம் அல்ல, ஊர். அங்கே தோப்புக் காவலுக்குப் படுத்திருப்பவன் இருப்பான். இரவு ஷிப்டு முடிந்து வரப்பு வழியாக வீட்டுக்கு நடக்கிற பையன் இருப்பான். பன்றி சுடப் போகிற உத்தியோகஸ்தர்கள் ஆரஞ்சும் வெள்ளிப் பட்டையும் தாங்கள் முதலில் போட்டுக்கொள்ளட்டும். முந்தின நாளே ஊரில் தண்டோராப் போட்டு, இன்ன தோப்பில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று சொல்லட்டும். தொழிற்சாலை வாசல்களிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எழுதி ஒட்டட்டும். ஒட்டுகிற செலவை வேண்டுமானால் என் நண்பரின் கம்பெனி ஏற்றுக்கொள்ளலாம். சட்டைக்கு என்று அவர் ஒதுக்கி வைத்திருக்கும் பணம் மிச்சமாகத்தானே இருக்கிறது?