வலி முதுகில், கோளாறு எங்கே?

மானிட்டரில் படம் வரவில்லை என்றால் உடனே புது மானிட்டர் வாங்கி விடுவீர்களா? கேபிள், ராம், பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகுதானே முடிவுக்கு வருவீர்கள்! முதுகு வலித்தால் மட்டும் நேராக ஸ்கேன் எடுக்கக் கிளம்பி விடுகிறோம். இது சரியா?

காஞ்சிபுரத்தையே எடுத்துக் கொள்வோம். குழித்தறியில் உட்காரும் நெசவாளர் குனிந்தபடி கையால் நாடாவை ஓட்டுகிறார். குழிக்குள் காலால் மிதிக்கிறார். அந்தச் சேலைக்கான ஜக்கார்டு டிசைனை முன்பு கிராஃப் தாளில் கையால் வரைந்தார்கள். இப்போது கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் திருத்துகிறார்கள். தறியில் இருப்பவருக்குக் காலும் இடுப்பும் ஓயாமல் உழைக்கின்றன. டிசைனருக்கோ இடுப்பு மடங்கியபடி அசையாமல் கிடக்கிறது. ஆனால் இருவருமே டாக்டரிடம் சொல்வது "முதுகு வலி" என்றுதான்!

இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில்கூடத் தெரியும். முதுகெலும்பில் நரம்பு அழுந்தினால் வலி புட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும். இரண்டு கோளாறும் ஒருவருக்கே இருந்து குழப்புவதும் உண்டு. இதற்கு ஆஃபியர்ஸ்கி, மெக்நாப் என்ற டாக்டர்கள் 1983-ல் 'ஹிப் ஸ்பைன் சின்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்கேன் மட்டும் பார்த்தால் போதாதா? வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. அதன்படி 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் 96 சதவீதம். எனவே, ரிப்போர்ட்டில் 'தேய்மானம்' என்று இருப்பதால் மட்டும் வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. நடக்க வைத்து, குனிய வைத்து, இடுப்பைத் திருப்பி, காலின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்த பிறகே ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு.

நீங்களும் உதவலாம். தினமும் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள், எப்போது வலி கூடுகிறது என்று எழுதிக் கொள்ளுங்கள். நீங்கள் வேலை செய்யும் நிலையில் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். கால் பலவீனம், தொடை இடுக்கில் மரத்துப் போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், வலியோடு காய்ச்சல் ஆகியவை இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

டிசைன் சென்டர் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்கும் சாப்ட்வேருக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, டிசைனருக்கு பிளாஸ்டிக் நாற்காலி போடுவது சிக்கனம் ஆகாது.