கத்தி மேல் ஒரு வீண்பழி

"கட்டியில கத்தி பட்டா பரவிடும்." காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டிலும் இதைக் கேட்கலாம், காந்தி சாலைப் பட்டுக்கடைகளிலும் கேட்கலாம், பட்டம் வாங்கிய பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் கேட்கலாம். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டதாகப் பெண் சொன்னதும் நாத்தனாரோ பெரியம்மாவோ குரலைத் தாழ்த்திச் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். அக்கறையில்தான் சொல்கிறார்கள். அதனாலேயே அதை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை.

இத்தனைக்கும் ஊரின் ஓரத்திலேயே, காரப்பேட்டையில், அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்த ஊரில் பிறந்து, புற்றுநோயால் 1969 பிப்ரவரியில் மறைந்தவரின் நினைவாக அந்த ஆண்டே தொடங்கியது. இவ்வளவு அருகில் இருந்தும், அங்கே போவதற்குள் எண்ணெய், பத்து, லேகியம் என்று பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. "கத்தியில்லாமல் கரைத்துத் தருகிறோம்" என்று விற்பவனுக்கு இந்த நம்பிக்கையைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்?

நம்பிக்கை எப்படி வேர் பிடித்தது என்று ஊகிப்பது கடினமில்லை. அக்குள் நெறி கட்டி, தோல் புண்ணான பிறகு ஒருவர் வருகிறார். ஊசியால் துளிச் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்கிறார்கள். நோய் அதற்கு முன்பே எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. சில மாதங்களில் அவர் இறந்தால், தெருவில் எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த ஊசி மட்டும்தான். அதற்கு முன் கழிந்த ஓராண்டு யார் கணக்கிலும் வராது. இன்னொன்றும் உண்டு. என்ன கட்டி என்று சோதிக்காமலே, வெறும் கொழுப்புக்கட்டி என்று நினைத்து அரைகுறையாக அறுத்துவிட்டால் மிச்சம் வளரத்தான் செய்யும். அங்கே குற்றவாளி பயாப்ஸி அல்ல, பயாப்ஸி எடுக்காததுதான்.

ஊசி போன தடத்தில் சில செல்கள் இடம்பெயர்வது உண்மையே. நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. மார்பகக் கட்டியில் ஊசியால் சதை எடுத்ததால் ஆயுள் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டவில்லை. விரைப்பை போன்ற சில இடங்களில் ஊசி குத்துவதை மருத்துவர்களே தவிர்க்கிறார்கள். அந்த விதிவிலக்கு அவர்களுக்குத் தெரியும். அதை மார்பகத்துக்கும் நீட்டிக்கொண்டு போவதுதான் தவறு.

பயாப்ஸியைத் தவிர்த்தால் இழப்பு எங்கே என்று பார்ப்போம். அந்த அரிசியளவுச் சதையிடம் கேட்பது "புற்றா, இல்லையா" என்பதை மட்டும் அல்ல. "நீ எதைத் தின்று வளர்கிறாய்" என்றும் கேட்கிறார்கள். 1896இல் கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களின் சினைப்பைகளை அகற்றியபோது சிலருக்குக் கட்டி சுருங்கியதை எழுதினார். எல்லோருக்கும் ஏன் சுருங்கவில்லை என்பதற்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சிகாகோவில் எல்வுட் ஜென்சன், சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கதிரியக்க ஹைட்ரஜனால் அடையாளமிட்டு எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். கருப்பை போன்ற சில உறுப்புகள் மட்டும் அதை விடாமல் பிடித்துவைத்துக்கொண்டன. பிடித்துவைப்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஹார்மோன் வந்து பொருந்தியதும் அது மரபணுக்களை முடுக்கி, செல்லைப் பெருகச் சொல்கிறது. ஏற்பி உள்ள கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் தீனி. ஏற்பி இல்லாத கட்டி அதைச் சட்டை செய்வதில்லை.

மேலை நாடுகளில் மார்பகப் புற்றுநோயில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏற்பி உள்ளவை. இந்திய ஆய்வுகள் பலவற்றில் இது பாதிக்குச் சற்று மேல். அப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது: டமாக்ஸிஃபென். 1962இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் உருவாக்கியது. கருத்தடை மாத்திரையாகத் தேறாமல் போய், 1971இல் மான்செஸ்டரில் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. இன்று விலை சில ரூபாய். அறுவைக்குப் பின் ஐந்தாண்டு ஒழுங்காகச் சாப்பிட்டால், ஏற்பி உள்ளவர்களில் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவருக்கு அது வீண். யாருக்குத் தருவது என்பதைச் சதைத் துணுக்குதான் சொல்லும். ஸ்கேன் சொல்லாது, நாடி பிடித்தாலும் தெரியாது.

புடவையின் ஓரத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்தி, முடி கருகும் வாடை வந்தால்தான் பட்டு என்று நம்பும் ஊர் இது. இழை உருவினால் புடவை பிரிந்துவிடும் என்று இங்கே யாரும் பயந்ததில்லை.

விஷயம் தெரிந்தவர்களிடமும் ஒரு அரைகுறை உண்டு. ஈஸ்ட்ரோஜன்தான் எதிரி என்றால் அதை அடியோடு ஒழித்தால் என்ன என்பார்கள். ஒழித்தால் எலும்பு போகும். ஆணுக்கும் அது வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள்: ஆறரை அடிக்கு மேல் உயரம், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார், எலும்போ வலுவற்றது. டமாக்ஸிஃபென்னின் தந்திரமே இங்குதான். மார்பகத்தில் ஏற்பியை அடைத்துவிடும். மாதவிடாய் நின்றவரின் எலும்பில் ஈஸ்ட்ரோஜன் போலவே உதவும். கருப்பையிலும் அப்படியே நடந்துகொள்வதால், மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் பட்டால் உடனே காட்ட வேண்டும்.

மருத்துவர்கள் பக்கமும் சும்மா விடுவதற்கில்லை. "சின்ன டெஸ்ட், கையெழுத்துப் போடும்மா" என்பதோடு பேச்சு முடிந்தால், வெளியே நிற்கும் நாத்தனார் சொல்வதுதான் எடுபடும். ஊசி எதற்கு, எதைத் தேடுகிறோம் என்று தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். எடுத்த சதையை உடனே, கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடாமல் காயவிட்டால், இருக்கும் ஏற்பியும் இல்லாததுபோலக் காட்டும். வர வேண்டிய மாத்திரை வராமல் போகும்.

எங்கோ ஒரு நர்சிங் ஹோமில் ஏற்கெனவே கட்டியை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. புற்றுநோய் என்று மட்டும் எழுதிய ஒரு தாள் கையில் இருக்கும். ஏற்பி பற்றி அதில் ஒரு வரியும் இராது. சதையை மெழுகில் பதித்த கட்டையைப் பரிசோதனைக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது வழக்கம். அதை எழுதிக் கேட்டு வாங்கிக் காரப்பேட்டைக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ எடுத்துப் போகலாம். மறுபடி கத்தி வைக்காமலே ஏற்பிச் சோதனையை அதில் செய்துவிட முடியும்.