பூச்சாண்டியும் நிலாச்சோறும்

“சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவான்!”

தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேளாமல் வளர்ந்த குழந்தை உண்டா என்பது சந்தேகம். அவசரத்துக்கு இது வெகு சௌகரியமான உபாயந்தான். ஒரு கவளம் உள்ளே போய்விடுகிறது. ஆனால் அதனோடு கூடவே இன்னொரு வஸ்துவும் உள்ளே போகிறது. அதன் பெயர் பயம். கவளம் மறுநாளைக்குள் ஜீரணமாகிவிடும். பயம் அவ்வளவு சுலபமாக ஜீரணமாவதில்லை.

காந்தியடிகள் தம்முடைய சுயசரிதையில் இதைப்பற்றி ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். இளம் பிராயத்தில் திருடர், பேய், பாம்பு ஆகியவற்றைப் பற்றிய பயம் அவரை விடாமல் பற்றியிருந்தது. இருட்டில் வெளியே காலெடுத்து வைக்கத் துணிவு வராது. விளக்கு எரியாவிட்டால் தூக்கம் வராது. வீட்டில் ஊழியம் செய்த ரம்பா என்ற மூதாட்டி ராமநாமத்தை மருந்தாகச் சொல்லிக் கொடுத்தாள். பிற்காலத்தில் ஒரு சாம்ராஜ்யத்தையே எதிர்த்து நின்ற மனிதரை இருட்டு அந்தப் பாடு படுத்தியிருக்கிறது என்றால், நம் வீட்டுக் குழந்தைகளைப்பற்றிக் கேட்பானேன்?

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, இருட்டு பகையன்று, உறவு என்று தெரிவிக்க ஒரு வழி உண்டு. இரவை அவர்களுக்கு விருந்தாக்கிவிட வேண்டும். பேடன் பவல் துரை 1907-ஆம் வருஷம் இங்கிலாந்தில் பிரௌன்ஸீ தீவில் சிறுவர்களைக் கூட்டி ஒரு பாசறை நடத்தினார். சாரணர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது. ஆனால் அது பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு. இடுப்பில் ஏறி வரும் குழந்தைக்கு அது பொருந்தாது. அந்த வயதுக்கு ஏற்றதை நம் பாட்டிமார் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதன் பெயர் நிலாச்சோறு. சித்ரா பௌர்ணமியன்று சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ குடும்பத்தோடு போய் உண்டு வருவது பழைய வழக்கம். கூடாரமில்லாத பாசறை என்று அதைச் சொல்லலாம்.

இதற்கு ராமநாதபுரம் சீமையின் கடற்கரையைப்போல் வாய்த்த இடம் வேறு கிடைப்பது அரிது. ராமேசுவரத்து அக்கினி தீர்த்தக் கரை கிழக்கே பார்த்தது. பௌர்ணமி நிலவு சமுத்திரத்திலிருந்து எழுவதைக் குழந்தை நேரே பார்க்கலாம். இன்னொரு அனுகூலமும் உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே அந்திப்பொழுது குறுகியது. சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருள் சூழ்ந்துவிடும். இங்கிலாந்தின் கோடையிலோ இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நான்கு வயதுக் குழந்தை பத்து மணி வரை விழித்துக் காத்திருக்குமா?

நிகழ்ச்சியை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். முதலில் வீடு கட்டும் படலம். இரண்டு கம்புகளுக்கு நடுவே கயிறு கட்டி, பழைய புடைவை ஒன்றைப் போர்த்தி, உள்ளே ஓலைப்பாயை விரித்தால் கூடாரம் தயார். பாயை விரிக்கும் வேலை குழந்தைகளுடையது. தானே விரித்த பாய் கோணலாக இருந்தாலும் அதில்தான் குழந்தைக்குப் பிரியம் அதிகம்.

பிறகு இருட்டை வரவேற்க வேண்டும். முதல் நட்சத்திரத்தை யார் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்கள். பத்து வரை எண்ணத் தெரிந்த குழந்தை பத்தோடு நிறுத்தட்டும். அதற்குள் வானத்தில் நூறு பூத்திருக்கும். இருட்டு வந்ததையே குழந்தை கவனித்திராது.

அடுத்தது மௌன விளையாட்டு. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மாண்டிஸோரி அம்மையாரின் முறைகளில் இது பிரசித்தமானது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து, கேட்ட சப்தங்களைச் சொல்ல வேண்டும். அலை, பனையோலைச் சலசலப்பு, தூரத்து ரயில், பக்கத்துத் தம்பியின் தும்மல். பெயர் தெரிந்த சப்தத்தைக் கண்டு குழந்தை பயப்படுவதில்லை.

பிறகு சாப்பாடு. பதநீர் குடிக்க மடிப்பதுபோலப் பனையோலைப் பட்டை மடித்து அதில் தயிர்ச்சோறு கொடுத்துப் பாருங்கள். பூச்சாண்டியின் உதவி தேவைப்படாது. சித்திரை, வைகாசியானால் நுங்கும் கிடைக்கும்.

சாப்பிட்ட பின் ஒரு விளக்கும் கூடாரத் துணியும் போதும். விரல்களால் மானும் நாயும் பறவையும் வரும். கையை விளக்குக்கு அருகே கொண்டுபோனால் நிழல் பூதாகாரமாகும், விலக்கினால் சிறுக்கும். இந்த ரகசியம் தெரிந்த குழந்தை, சுவரில் விழும் நிழலைக் கண்டு அலறாது. பூதத்தை உண்டாக்குகிறவனே தானல்லவா!

நட்சத்திரங்களுக்கு நிலவில்லாத வேறொரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாசி, பங்குனி மாலைகளில் தெற்கே பிரகாசமாகத் தெரியும் அகஸ்திய நட்சத்திரத்தைக் காட்டுங்கள். லண்டன் குழந்தை தன் ஊரிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. வடக்கே கையை நீட்டி முஷ்டி பிடித்து அடிவானத்தின்மேல் வைத்தால், ராமேசுவரத்தில் துருவ நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு முஷ்டி உயரத்தில் இருக்கும். டில்லியில் அதே நட்சத்திரம் மூன்று முஷ்டி உயரம். பாரத தேசம் எவ்வளவு நீளமென்று குழந்தை தன் கையாலேயே அளந்துவிடலாம்.

இப்படி வெளியே அழைத்துப்போய்க் காட்டுவதன் பலனுக்கு அந்த ஊரே சாட்சி. ராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைப் பலகையில் வரைந்து விளக்கியதோடு நில்லாமல், மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். அந்த மாணவர்களில் ஒருவர் 1931-இல் அவ்வூரில் பிறந்த அப்துல் கலாம். தம் வாழ்க்கையின் திசையை நிச்சயித்தது அந்தப் பாடந்தான் என்று பிற்காலத்தில் அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

இனி, மெய்யான அபாயத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் 22-ஆந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. அந்தக் கரையின் மக்கள் கடலை மதித்துப் பேசுவது வெறும் கோழைத்தனம் அன்று. ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலத்தில் கரைப்பக்கம் இந்த விருந்து வேண்டாம். தனுஷ்கோடியில் இருட்டிய பின் பயணிகள் தங்க அனுமதியும் இல்லை. ஜன நடமாட்டமுள்ள கரையில் நிலவெழும் வரை இருந்துவிட்டு, மற்றவற்றை முற்றத்திலோ மொட்டைமாடியிலோ நடத்துவதே உசிதம். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் வீதம் கூடவே இருக்க வேண்டும். அலை காலைத் தொடும் தூரத்துக்கு ஒருவரும் போகக் கூடாது. பூச்சாண்டி பொய்; கடல் மெய். பொய்யைச் சொல்லி எப்போதும் பயமுறுத்திவந்தால், மெய்யான அபாயத்தைச் சொல்லும்போது குழந்தை எதை நம்பும்?

கடைசியாக ஒரு சிறு ஜீவனைப்பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் பங்குனி ஆமை என்று ஓர் ஆமை உண்டு. இரவில் மணலில் ஏறி நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுப் போகும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மண்ணிலிருந்து தானே வெளிப்படும் குஞ்சு பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும். கடலுக்கு வழிகாட்ட அதற்குத் தாய் இல்லை. நீர்ப்பரப்பின்மேல் தெரியும் மங்கலான வெளிச்சமே வழிகாட்டி. கரையில் மின்சார விளக்குகள் ஜ்வலித்தால் அதைக் கடலென்று நம்பி நிலத்தின் பக்கம் ஊர்ந்து உயிரை விடுகிறது. அந்தக் குஞ்சு பிழைப்பதற்கு இருட்டு வேண்டியிருக்கிறது.

இந்தக் கதையைக் குழந்தைக்குச் சொல்லிவிட்டு, “பாப்பா, ஆமைக்குட்டி வீட்டுக்குப் போகட்டும், விளக்கை அணைத்துவிடலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் குழந்தையே ஓடிப்போய் அணைத்துவிடும்.